சைக்கிளை விக்கறதுக்கு முன்னாடி சீட்டை பாருங்க: ஒரு கட்டைவிரல் வலிக்கு பதில்

கோயம்புத்தூர் பக்கத்துல இருந்து 43 வயசு வாசகி ஒருத்தர், ஸ்கூல் டீச்சர், நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க, வலிக்கற இடத்துல பேனாவால புள்ளி வெச்சு கையோட போட்டோவும் அனுப்பியிருக்காங்க. (இப்படி எல்லாரும் அனுப்பினா என் வேலை பாதி குறைஞ்சிடும்.) அவங்க யாருன்னு தெரியற மாதிரியான விவரத்தை எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன்.

ரெண்டரை வருஷம் முன்னாடி சுகர் பார்டர்ல இருக்குன்னு டாக்டர் சொன்னதும் சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்சிருக்காங்க. நேரான ஹேண்டில்பார் வெச்ச ஹைப்ரிட் சைக்கிள். வாரநாள்ல காலைல 15, 20 கிலோமீட்டர், ஞாயித்துக்கிழமை சிறுவாணி ரோடு இல்லன்னா ஆனைக்கட்டி பக்கம் 50, 60. சுகர் இறங்கிடுச்சு, எட்டு கிலோ குறைஞ்சு இப்ப 61. நாலு மாசமா வலது கை கட்டைவிரல் அடியில, மணிக்கட்டு ஓரத்துல வலி. முதல்ல ரைடு முடிஞ்சு கொஞ்ச நேரம் மட்டும் இருந்தது, இப்ப சாவி திருப்ப முடியல, துணி பிழிய முடியல, தோசைக்கல்லை ஒத்த கையால தூக்க முடியல. நீளமா ஓட்டினா ரெண்டு கையிலயும் சுண்டுவிரல் மரத்துப்போகுது. ஜெல் வெச்ச கிளவுஸ் வாங்கியாச்சு, மெடிக்கல் ஷாப்ல மணிக்கட்டு பேண்ட் வாங்கியாச்சு, ஒண்ணும் ஆகல.

வீட்டுக்காரர் சைக்கிளை வித்துடுங்கறார். மாமியார் நரம்பு பிசகிருக்கு, புத்தூர் கட்டு போடலாம்ங்கறாங்க. தம்பி யூரிக் ஆசிட் டெஸ்ட் எடுக்கச் சொல்லி 6.4 வந்திருக்கு, அதனால பருப்பு சாப்பிடறதையே நிறுத்திட்டாங்க. கூட ஓட்டறவங்க 90,000 ரூபாய்க்கு டிராப் பார், அதாவது ரெண்டு பக்கமும் கீழ வளைஞ்சு இறங்கற ஹேண்டில்பார், வெச்ச ரோடு பைக் வாங்கினா சரியாயிடும்ங்கறாங்க. ஏழு வாரத்துல 200 கிலோமீட்டர் பிஆர்எம் (குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்கவேண்டிய நீள தூர சைக்கிள் ரைடு) இருக்கு, பணமும் கட்டியாச்சு. ஊசி போட்டுக்கிட்டு ஓட்டலாமா, ஊசி போட்டா எலும்பு தேய்ஞ்சிடுமா, இல்ல சைக்கிளையே விட்டுடணுமாங்கறதுதான் அவங்க கேள்வி.

கடைசி பக்கத்துல, கையெழுத்துக்கு மேல, போறபோக்குல ஒரு வரி: "ஒன்பது வாரம் முன்னாடி ஜல்லியில சறுக்கி விழுந்தேன், வலது கையை ஊணிட்டேன், மறுநாள் எக்ஸ்ரே எடுத்தாங்க, நார்மல்னுட்டாங்க, அதனால அது இதுல சேராது."

அது சேருமா சேராதான்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்க, அங்கதான் எனக்கு கொஞ்சம் பயம்ங்க. முதல்ல அதை பேசிடறேன்.

விழுந்த கை

கட்டைவிரலை நல்லா விரிச்சு மேல தூக்குங்க. மணிக்கட்டுக்கு மேல ரெண்டு கயிறு மாதிரி எழும்பும், நடுவுல ஒரு குழி விழும். அந்தக் குழிக்கு அடியில ஸ்கேஃபாய்டுன்னு முந்திரிப்பருப்பு சைஸ்ல ஒரு எலும்பு இருக்கு. கையை ஊணி விழறவங்களுக்கு உடையற எலும்புல இது முக்கியமானது, சைக்கிள்காரங்க விழறதே கையை ஊணிதான். இதுல சிக்கல் என்னன்னா விரிசல் சின்னதா இருந்தா முதல் நாள் எக்ஸ்ரேல தெரியாமலே போகலாம், அதனாலதான் சந்தேகம் இருந்தா பத்து பதினாலு நாள் கழிச்சு இன்னொரு படம் எடுக்கச் சொல்லுவோம், இல்லன்னா எம்ஆர்ஐ. உங்களுக்கு அந்த ரெண்டாவது படம் எடுக்கவே இல்ல. முதல் டாக்டர் மேல தப்பு சொல்றதுக்காக இதை எழுதலைங்க, வலி நிக்கலைன்னா திரும்ப வாங்கன்னு அவர் சொல்லியிருப்பார், நீங்களும் பரீட்சை பேப்பர் திருத்தறதுல மறந்திருப்பீங்க, நடக்கறதுதான்.

இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து நுனியில இருந்து உள்ள போய் பின்னோக்கி வருது. நடுவுல உடைஞ்சா முழங்கை பக்கத்து துண்டுக்கு ரத்தம் பத்தாம அது ஒட்டாமலே நின்னுடலாம், சில பேருக்கு அந்த துண்டு செத்தும் போகும், அஞ்சு பத்து வருஷம் கழிச்சு மணிக்கட்டே தேய்ஞ்சு வந்து நிப்பாங்க. உங்களுக்கு அப்படித்தான்னு நான் சொல்லல. வலி விழறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு, போட்டோல நீங்க வெச்ச புள்ளியும் குழியில இல்ல, அதைவிட முழங்கை பக்கமா, துருத்திக்கிட்டு நிக்கற எலும்பு மேல இருக்கு. ஆனா ரெண்டு இடத்துக்கும் நடுவுல ஒரு விரல் அகலம்தான். விழுந்த அப்புறம் வலி கூடிச்சுன்னும் நீங்களே எழுதியிருக்கீங்க. அதனால இந்த வாரமே ஒரு எலும்பு டாக்டர்கிட்ட போய், விழுந்ததை சொல்லி, ஸ்கேஃபாய்டுக்குன்னு தனியா எடுக்கற கோணத்துல எக்ஸ்ரே கேளுங்க. ஒன்பது வாரம் ஆனதால உடைஞ்சு ஒட்டாம இருந்தா இப்ப பெரும்பாலும் தெரிஞ்சிடும். அது முடியற வரைக்கும் எண்ணெய் போட்டு நீவறது, சொடக்கு எடுக்கறது, கட்டு போடறது எதுவும் வேண்டாம். மாமியார்கிட்ட டாக்டர் சொன்னாருன்னு என் பேர்ல பழியை போட்டுடுங்க.

படம் சுத்தமா இருந்தா

அப்ப நீங்க புள்ளி வெச்ச இடத்தை நம்பலாம். அந்த துருத்தின எலும்பு மேல ஒரு குறுகலான குகை மாதிரி இருக்கு, அது வழியா கட்டைவிரலை விரிக்கற, தூக்கற ரெண்டு தசைநார் ஓடுது. நம்ம ஊர்ல இதையும் நரம்புன்னுதான் சொல்றோம், நிஜ நரம்பையும் நரம்புன்னுதான் சொல்றோம், ரத்தக்குழாயையும் சில பேர் நரம்புங்கறாங்க, பாதி குழப்பம் இதுல இருந்துதான் வருது. உங்க கட்டைவிரல் பக்கம் வலிக்கறது நரம்பு இல்ல, கயிறு. நரம்பு "பிசகி" வேற இடத்துக்கு போகவும் இல்ல. கயிறு ஓடற குகையோட உறை தடிச்சுப்போய், கயிறு உள்ள உரசுது. ஃபிரிட்ஸ் டி குவெர்வேன்ங்கற சுவிஸ் சர்ஜன் 1895ல இதை எழுதி வெச்சார், இன்னைக்கும் அவர் பேர்லதான் சொல்றோம். நாப்பதை ஒட்டின பெண்களுக்கும் கைக்குழந்தை தூக்கற அம்மாக்களுக்கும் அதிகமா பாக்கறது. சுகர் இருக்கறவங்களுக்கு பொதுவாவே கை தசைநார்ல இந்த மாதிரி தொல்லை கூடுதல், நீங்க பார்டர்ல இருந்து இறங்கினது நல்லது, அதையும் ஒரு தடவை திரும்ப டெஸ்ட் எடுத்துடுங்க.

யூடியூப் பாத்து கட்டைவிரலை உள்ள மடக்கி மூடி, மணிக்கட்டை கீழ சாய்ச்சு பாத்தேன், உயிர் போச்சுன்னு எழுதியிருக்கீங்க. அதை தினமும் காலைல பண்ணி இன்னைக்கு குறைஞ்சிருக்கான்னு பாக்கறதாவும் எழுதியிருக்கீங்க. தயவு செஞ்சு நிறுத்துங்க! அந்த டெஸ்ட் ஒண்ணும் இல்லாதவங்களுக்கே கொஞ்சம் இழுக்கும், வீங்கின உறையை தினம் ஒரு தடவை முறுக்கி இழுத்தா எப்படிங்க ஆறும்? புண்ணை ஆறிடுச்சான்னு நகத்தால கிளறிப் பாக்கற கதைதான்.

இன்னும் ரெண்டு சந்தேகத்தையும் டாக்டர் பாத்து ஒதுக்குவார். ஒண்ணு கட்டைவிரலோட அடிமூட்டு தேய்மானம், உங்க வயசுல ஆரம்பிக்கலாம், அதுல வலி இன்னும் விரல் பக்கமா இருக்கும், பாட்டில் மூடி திறக்கறப்ப, கிள்ளி பிடிக்கறப்ப அதிகம் தெரியும். இன்னொண்ணு நீங்களே எழுதின கார்ப்பல் டனல். மணிக்கட்டு வலின்னாலே கார்ப்பல் டனல்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க, ஆனா அது மணிக்கட்டுக்குள்ள ஒரு நரம்பு நசுங்கி மரத்துப்போற வியாதி, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரக்கும், ராத்திரி தூக்கத்துல எழுந்து கையை உதறுவாங்க. உங்களுக்கு மரக்கறது சுண்டுவிரல். அது வேற நரம்பு, உள்ளங்கையில சுண்டுவிரல் பக்கத்து மேட்டுக்கு அடியில வர்றது, ஹேண்டில்பார்ல அந்த மேட்டை மணிக்கணக்கா அழுத்தினா நசுங்கும். சைக்கிள்காரங்க வியாதின்னே அதுக்கு பேர். ஆக உங்களுக்கு ரெண்டு தனித்தனி தொல்லை, வலது கட்டைவிரல்ல கயிறு, ரெண்டு சுண்டுவிரல்லயும் நரம்பு. ஜெல் கிளவுஸ் ரெண்டாவதுக்கு கொஞ்சம் உதவும், முதலாவதுக்கு ஒண்ணும் பண்ணாது. மரத்துப்போறது ரைடு முடிஞ்சு ஒரு நாள் ஆகியும் போகலன்னா, இல்ல சட்டை பட்டன் போட தடுமாறினா காத்திருக்காம காட்டுங்க.

யூரிக் ஆசிட் விஷயத்துக்கு ஒரே வரி: 6.4 கொஞ்சம் கூடுதல்தான், ஆனா கவுட், அதாவது யூரிக் ஆசிட் கூடி வர்ற மூட்டு வலி, வந்தா ராத்திரியோட ராத்திரியா மூட்டு சிவந்து வீங்கி தொடவே விடாது, பெரும்பாலும் கால் கட்டைவிரல்ல ஆரம்பிக்கும், நாலு மாசமா மெல்ல மெல்ல ஏறாது. பருப்பு சாப்பிடுங்க.

கைக்கு என்ன பண்ணணும்

நீங்க வாங்கின மணிக்கட்டு பேண்ட் வேலை செய்யாததுக்கு காரணம் எளிசு, அது கட்டைவிரலை விட்டுட்டு மணிக்கட்டை மட்டும் பிடிக்குது, உங்க வலி கட்டைவிரல் அசையறதுல. கட்டைவிரலையும் சேர்த்து பிடிக்கற ஸ்பிளிண்ட் வேணும், ஸ்பைகா ஸ்பிளிண்ட்னு கேட்டா குடுப்பாங்க, நடுவுல தகடு இருக்கறதா பாருங்க, விரல் நுனி மூட்டு மட்டும் அசையலாம். மூணு நாலு வாரம், குளிக்கற நேரம் தவிர முடிஞ்சவரைக்கும் போட்டுக்கோங்க, கழட்டினப்ப வலிக்காத அளவுக்கு விரலை அசைச்சுக்கோங்க. போர்டுல எழுதறதுதான் கஷ்டமா இருக்கும், சாக்பீஸை மெலிசா பிடிக்காம துணி சுத்தி தடிமனா பிடிச்சு பாருங்க. வலிக்கற இடத்துல டைக்ளோஃபெனாக் ஜெல், துணியில சுத்தின ஐஸ் பத்து நிமிஷம். வலி மாத்திரையை கடையில வாங்கி வாரக்கணக்கா போடாதீங்க, வயிறு, கிட்னி, பிபி எல்லாத்தையும் தொடும்.

வீட்டு வேலையையும் சொல்லணும். தேங்காய் துருவறது, துணி பிழியறது, சப்பாத்தி தேய்க்கறது, கட்டைவிரலால போனை தள்ளிக்கிட்டே இருக்கறது எல்லாம் அதே ரெண்டு கயிறைத்தான் இழுக்குது. சைக்கிள் ஓட்டறது வாரத்துக்கு பத்து மணி நேரம், இது தினமும். வீட்டுக்காரர் சைக்கிளை விக்கச் சொல்றாரே, துணி பிழியற வேலையை ஒரு மாசம் அவர் எடுத்துக்கட்டும்னு டாக்டர் எழுதியிருக்கார்னு காட்டுங்க, நான் எழுதி குடுத்த மாதிரியே ஆச்சு.

இதுல குறையலன்னா ஊசி. எலும்பு தேயும்னு பயப்படறீங்க, அந்த உறைக்குள்ள போடற ஒண்ணு ரெண்டு ஸ்டீராய்டு ஊசிக்கு எலும்பு தேயாது, பெரும்பாலானவங்களுக்கு நல்லாவே கேக்கும். நிஜமான ரிஸ்க் வேற. ஊசி போட்ட இடத்துல தோல் வெளுத்துப்போகலாம், அடியில கொழுப்பு கரைஞ்சு குழி விழலாம், நம்ம நிறத்துக்கு அந்த வெள்ளை திட்டு பளிச்சுன்னு தெரியும், மாசக்கணக்குல இருக்கும். சில நாளைக்கு சுகர் ஏறும். அதனால உங்க சுகர் கதையை ஊசிக்கு முன்னாடியே சொல்லிடுங்க, அல்ட்ராசவுண்ட் பாத்துக்கிட்டே போடற வசதி இருந்தா நல்லது, ஏன்னா சில பேருக்கு அந்த குகைக்குள்ள நடுவுல ஒரு தடுப்பு இருந்து ரெண்டு அறையா இருக்கும், ஒரு அறையில மட்டும் மருந்து போனா வலி பாதிதான் குறையும். திரும்பத் திரும்ப போடறது சரியில்ல. ஆபரேஷன்ங்கறது குகையோட கூரையை கீறி விடற சின்ன வேலை, கையை மட்டும் மரக்க வெச்சு பண்ணி அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, பக்கத்துல ஓடற தோல் நரம்பு அடிபடாம பாத்துக்கணும், அதுதான் அதுல ஜாக்கிரதை. உங்களுக்கு அதைப்பத்தி இப்ப நினைக்கவே வேண்டாம்.

ஊசியை போட்டுக்கிட்டு பிஆர்எம் ஓட்டற யோசனையை விட்டுடுங்க. வலியை மறைச்சுட்டு 200 கிலோமீட்டர், பதிமூணரை மணி நேரம் வரைக்கும் அதே கயிறை இழுத்தா நாலு வாரத்துல ஆறவேண்டியது நாலு மாசம் ஆகும். இந்த தேதிக்கு கட்டின பணம் போகட்டும். சீசன்ல வேற 200 வரும்.

சைக்கிளுக்கு என்ன பண்ணணும்

இதுதான் எனக்கு பிடிச்ச பகுதி, நானும் பழைய சைக்கிள் ஒண்ணு வெச்சிருக்கேன். உங்க கடிதத்துல இன்னொரு வரியும் போறபோக்குல வந்தது: "உக்கார்ற இடத்துல வலிச்சதால சீட் மூக்கை கீழ இறக்கிக்கிட்டேன், ஃப்ரெண்ட் சொன்னாங்க." எப்பன்னு பாத்தா அஞ்சு மாசம் முன்னாடி. கை வலி நாலு மாசமா. சீட் முன்னாடி சாய்ஞ்சிருந்தா உடம்பு வழுக்கி முன்னாடி வந்துகிட்டே இருக்கும், அதை தடுக்க ஒவ்வொரு நிமிஷமும் ரெண்டு கையால தள்ளிக்கிட்டே ஓட்டறீங்க. நீங்களே தண்டால் எடுத்துக்கிட்டு சைக்கிள் ஓட்டற மாதிரி. ஸ்பிரிட் லெவல் வெச்சு சீட்டை மட்டமா வைங்க, உக்கார வலிச்சா அகலம் சரியான சீட்டை மாத்துங்க, அதுக்கு மூக்கை இறக்கறது வைத்தியம் இல்ல. ஹேண்டில்பாருக்கும் சீட்டுக்கும் நடுவுல தூரம் அதிகம்னா ஹேண்டில்பாரை சைக்கிளோட பிடிச்சிருக்கற துண்டை, ஸ்டெம்னு பேர், நீளம் கம்மியானதா மாத்தினா சில நூறுல இருந்து ஆயிரம் சொச்சத்துல முடியும். முழங்கை பூட்டின மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கக்கூடாது, லேசா மடங்கியிருக்கணும்.

அடுத்தது கியர். ஏன் வலது கைல மட்டும் கட்டைவிரல் வலின்னு கேட்டிருந்தீங்க. உங்க சைக்கிள்ல பின் கியர் வலது கையில, ஏத்தத்துல லேசான கியருக்கு போகணும்னா பெரிய லீவரை கட்டைவிரலால அழுத்தி தள்ளணும். ஆனைக்கட்டி ஏத்தத்துல எத்தனை தடவை தள்ளறீங்கன்னு ஒரு நாள் எண்ணிப் பாருங்க. ரெண்டரை வருஷமா கேபிள் மாத்தவே இல்லன்னு நினைக்கறேன், மழையில நனைஞ்சு துரு ஏறின கேபிள் உறைக்குள்ள உரசி லீவர் கல்லு மாதிரி ஆயிடும் (உங்க மணிக்கட்டுல நடக்கறதும் அதேதான்னு இப்ப புரிஞ்சிருக்கும்). உள்கம்பியும் வெளி உறையும் புதுசா மாத்தச் சொல்லுங்க, பெரிய செலவே இல்ல, வித்தியாசம் அன்னைக்கே தெரியும். லீவரை கட்டைவிரல் எட்டிப் போகாத இடத்துக்கு நகர்த்தவும் சொல்லுங்க. பெடல் மேல முழு பாரம் இருக்கறப்ப கியர் மாத்தாம, ஏத்தத்துக்கு முன்னாடியே மாத்திடுங்க.

பிரேக் லீவர் படுத்த மாதிரி இருந்தா மணிக்கட்டு பின்னாடி வளையும், முழங்கையில இருந்து விரல் வரைக்கும் ஒரே கோடா வர்ற மாதிரி கீழ சாய்ச்சு வைங்க. நேரான பார்ல மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமா சாயறது பலருக்கு நடக்கும், அது சரியா உங்க வலிக்கற கயிறை இழுக்கற கோணம். பின்னாடி கொஞ்சம் வளைஞ்ச பார் போட்டா கையோட இயல்புக்கு வரும். உள்ளங்கைக்கு அகலமா சப்பையா வர்ற கிரிப் சுண்டுவிரல் நரம்புக்கு நல்லது. டயர்ல காத்து மேக்ஸிமம் 80 பிஎஸ்ஐன்னு போட்டிருக்கு, நானும் 80 அடிக்கறேன்னு எழுதியிருக்கீங்க. அது மேக்ஸிமம்ங்க, அவ்வளவு அடிக்கணும்னு இல்ல. 61 கிலோவுக்கு, 35 மில்லிமீட்டர் அகல டயர்ல 50 பிஎஸ்ஐ ஒட்டி போதும், டயர்ல குறைந்தபட்சம்னு போட்டிருக்கறதுக்கு கீழ மட்டும் போகாதீங்க. ரோட்டு அதிர்வு பாதி அங்கயே அடங்கிடும்.

90,000 ரூபாய் சைக்கிள்? டிராப் பார்ல கை வைக்க மூணு நாலு இடம் இருக்கு, கியரை கட்டைவிரலால தள்ள வேண்டியதும் பெரும்பாலும் இல்ல, அது நிஜமான லாபம்தான். ஆனா உடம்பு இன்னும் முன்னாடி குனியும், சீட்டும் தூரமும் தப்பா இருந்தா அந்த சைக்கிள்லயும் இதே வலி வரும். முதல்ல இருக்கறதை சரி பண்ணி ரெண்டு மாசம் ஓட்டுங்க. அப்பவும் ஆசை இருந்தா வாங்குங்க, ஆசைக்கு வாங்கறதா வாங்குங்க, மருந்தா வாங்காதீங்க.

அதுவரைக்கும் ஓட்டலாமா

எக்ஸ்ரே ரிசல்ட் வர்ற வரைக்கும் வேண்டாம். இன்னொரு தடவை அதே கை ஊணி விழுந்தா தாங்காது. அது நல்லபடியா வந்துடுச்சுன்னா ஒரு சின்ன பரீட்சை: நின்ன சைக்கிள்ல வலது பிரேக்கை முழுசா, சட்டுன்னு, முகம் சுளிக்காம பிடிக்க முடியுதா? முடியலன்னா ரோட்டுக்கு போகக்கூடாது, நாய் குறுக்க வர்றப்ப கை யோசிச்சுக்கிட்டு நிக்கும். சுகருக்கு பயந்துதான் ஓட்ட ஆரம்பிச்சீங்க, அதனால சும்மா உக்காராம வேகமா நடங்க, தெரிஞ்சவங்ககிட்ட டிரெய்னர் (சைக்கிளை மாட்டி வீட்டுக்குள்ள நின்ன இடத்துலயே மிதிக்கற ஸ்டாண்ட்) இருந்தா கையை ஹேண்டில்பார்ல வைக்காம நிமிர்ந்து உக்காந்து மிதிங்க. பிரேக் பிடிக்க முடிஞ்ச அப்புறம் சமதரையில பேரூர் பக்கம் பத்து கிலோமீட்டர்ல ஆரம்பிச்சு, மறுநாள் காலைல வலி கூடியிருக்கான்னு பாருங்க. கூடலன்னா வாரா வாரம் கொஞ்சம் ஏத்துங்க. ஏத்தம் கடைசியா.

டாக்டர்கிட்ட போறப்ப பழைய எக்ஸ்ரே படத்தையும் எடுத்துட்டு போங்க, ரிப்போர்ட்டை மட்டும் இல்ல, படத்தை. ரெண்டையும் பக்கத்துல வெச்சு பாத்தாத்தான் ஒன்பது வாரத்துல என்ன மாறியிருக்குன்னு தெரியும். என்ன சொன்னாங்கன்னு ரெண்டு வரி எழுதிப்போடுங்க.